எதிரே தாள் இல்லை

செல்ல மகளே,

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். எழுபது வயதில் இப்போதுதான் எழுதப் படிக்கப் பழகுகிறேன்.

ஊரார் ஜிப்ஸி என்று சொல்லும் நம் ரோமா சனங்களின் கல்யாணங்களில் காதால் கேட்டே பிடில் வாசித்தவன் நான். நீ இசைக்குறிப்புத் தாளைப் பார்த்து வாசிக்கும் நால்வர் குழுவில் சேர்ந்தபோது, "தாளைப் பாத்து வாசிக்கறவளுக்குக் காது எதுக்குடி?" என்று ஏசினேன். நீ போய்விட்டாய்.

நேற்று ப்ர்னோ நகர இசை அரங்கில் கடைசி வரிசையில் இருந்தேன். உங்கள் எதிரே ஒரு தாளும் இல்லை! நால்வரும் ஒன்றாக மூச்சிழுத்தீர்கள். நான்கு வில்லும் ஒன்றாக இறங்கின. பிடிலைவிடச் சற்றுப் பெரிய உன் வயோலா தனித்துப் பாடியபோது மற்ற மூவரும் வில்லைத் தாழ்த்தி உன் வாசிப்பையே கேட்டார்கள். இப்படிக் கேட்பவர்களை நான் எங்கும் கண்டதில்லை.

பக்கத்து இருக்கைக்காரி, "என்ன பெரியவரே, மூச்சு விட மறந்துட்டீங்களா?" என்றாள்.

"அது என் பொண்ணும்மா" என்றேன்.

அன்று உன் காதைப் பற்றி நான் சொன்னது தப்பு. இதை எழுதவே அரை நாள் ஆனது. மீதியை அடுத்த வாரம் எழுதுகிறேன். நீயும் எழுது. இனி நானே படித்துக்கொள்வேன்.

உன் அப்பா