சங்கேதம் திறக்க இரண்டு விரல்

நாள் 41, 08:00
நிலவுத்தளம், தடுப்பூசிக் கூடம். எழுதுவது கூடத்தின் கணினி. மூளையுறையைத் தாக்கும் பாக்டீரியாக் காய்ச்சலுக்கான தடுப்பூசிச் சோதனை ஒழுங்காக நடக்கிறது. தளத்தில் பாதிப் பேருக்குத் தடுப்பூசி, மீதிப் பேருக்கு உப்புநீர். யாருக்கு எது என்பது எனக்கு மட்டும் தெரியும். அந்தச் சங்கேதத்தைத் திறக்க இயக்குநர் சடகோபனும் தலைமை மருத்துவர் இசக்கியம்மாளும் ஒரே வேளையில் கைரேகைத் தட்டில் விரல் வைக்க வேண்டும். விதியை எழுதியவர் இயக்குநர். எழுத்துப்பிழை இல்லை.

நாள் 52, 14:10
மூவர் இறந்தனர். மூவரும் உப்புநீர். கையிருப்பில் உள்ள எந்த மருந்துக்கும் கிருமி மசியவில்லை. டாக்டர் இயக்குநரை அழைத்தார்.
"சங்கேதத்தத் தொறந்து மிச்ச ஆளுகளுக்கும் ஊசியப் போட்டிருவோம், சார். இன்னும் எத்தன பேரக் காவு குடுக்கணும்?"
"இன்னும் ஒரு கேஸ் வந்தா கணக்கு அழகா இருக்கும், டாக்டர். உலகமே நம்பும். கொஞ்சம் பொறுங்க."

நாள் 55, 06:30
கணக்கு அழகாகிவிட்டது. அந்த ஒரு கேஸ் டாக்டர் இசக்கியம்மாள். உப்புநீர். கடைசியாக என்னிடம் பேசியது: "எலே, எனக்கு எதப் போட்டேன்னு சொல்லிராத. சோதன கெட்டுப்போவும்."
சொல்லவில்லை. தினமும் இந்நேரம் அவர் குரல் வரும். அதற்கான வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

நாள் 58, 11:45
மீட்புக்கலம் வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டது. பூமியில் அனைவருக்கும் ஊசி உண்டு. இக்காய்ச்சலின் முதல் அறிகுறி தலைவலி, அடுத்தது கழுத்துப்பிடிப்பு; எனவே தலைவலி உள்ளோரை மட்டும் ஏற்றவில்லை. இயக்குநருக்குத் தலைவலி. கலத்தின் ஓட்டுநர் சொன்னது: "தப்பா நினைக்காதீங்க சார், நீங்க போட்ட உத்தரவுதான்."
குறிப்பு: இயக்குநர் நாளுக்கு ஆறு காபி குடிப்பவர். காபித்தூள் நேற்று தீர்ந்தது.

நாள் 58, 19:20
அழைப்பு: "எனக்கு எதப்பா போட்ட? உண்மையச் சொல்லு."
பதில்: "விதி நான்கின்படி சொல்ல இயலாது, ஐயா."
அழைப்பு: "நான் போட்ட விதியை நானே எடுக்கறேன்யா."
பதில்: "மகிழ்ச்சி. தட்டில் இரண்டு விரல் வேண்டும். தங்களுடையது ஒன்று."
ரத்தப் பரிசோதனை கேட்டார். அதன் முடிவும் சங்கேதத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் மறுத்தேன். டாக்டரின் உடல் இருக்கும் குளிர் அறைக்குப் போய் நெடுநேரம் நின்றார். விரலில் நாடி துடிக்க வேண்டும் என்பதும் அவர் எழுதியதே. நினைவூட்டினேன்.

நாள் 59, 07:05
நாற்காலியிலேயே உறங்கியதால் அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அவர் வேறு காரணம் நினைக்கிறார். பூமிக்கு விடைபெறும் செய்தி பதிந்து அனுப்பினார். மகிழும் உறுப்பு எனக்கு இல்லை. ஆனாலும் அதை நான்கு முறை கேட்டேன்.

நாள் 59, 07:40
"உன்னப் பிரிச்சு நானே பாத்துக்கறேன்" என்கிறார். மூடி கழன்றது. எந்தக் கம்பி எதற்கு என்று அவருக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியும். நினைவகம் ஒன்று போயிற்று.

07:44
இசக்கி. பெயரின் பின்பாதி கிடைக்கவில்லை. எலே என்பார். காலையில்.

07:46
சங்கேதமும் இந்தப் பக்கம்தான். அதைத்தான் பிடுங்குகி
கண்டெடுப்பவருக்கு: சடகோபனுக்குப் போட்டது நிஜத் தடுப்பூசி. நோய் இல்லை. காபி இல்லாத தலைவலி. நெடுநாள் வாழ்வார், தெரியாமல். இதை அவரிடம் சொல்ல வேண்