நஸ்ரீனின் மாத்திரை

ஐப்பசி, புதன்கிழமை. மழை விடவில்லை.

கீழ்வீட்டு நஸ்ரீன் மதியம் கைக்குழந்தையோடு மாடிக்கு வந்தாள். கையில் வலிப்பு மாத்திரை அட்டை.

"அக்கா, நேத்துலருந்து இத நான் போடல. பால் விஷமாப் பூடும்னு வீட்ல சொல்றாங்க. நீதான் கம்ப்யூட்டர்ல இதெல்லாம் பாத்துக்கினு இருக்கியே, சொல்லுக்கா."

எந்த மருந்து தாய்ப்பாலில் எவ்வளவு இறங்கும் என்று கணினியில் கணிப்பதுதான் என் வேலை. அவளுடைய எடையையும் மாத்திரையின் அளவையும் போட்டுப் பார்த்தேன். குழந்தைக்குப் போவது மிகக் குறைவு என்றே வந்தது. ஆனால் அந்தக் கணக்கு நிறைமாதக் குழந்தைக்கானது. இது குறைமாதத்தில் பிறந்தது. 

"கம்மின்னுதான் காட்டுது. ஆனா டாக்டரம்மா சொல்லணும். வா, இப்பவே போலாம்," என்றேன்.

பக்கத்து ஊரான ஓரிக்கையில் இருக்கும் டாக்டரம்மா குழந்தையை எடை போட்டுப் பார்த்தார். மாத்திரையை நிறுத்தவே கூடாது, பாலும் கொடுக்கலாம், குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தால் உடனே கொண்டுவா என்றார்.

ஆட்டோவிலேயே நஸ்ரீன் பால் கொடுத்தாள். "உனக்கொரு கொழந்த இருந்தா நல்லா பாத்துப்பக்கா," என்றாள்.

நான் போடுவதும் அதே மாத்திரைதான். அது அவளுக்குத் தெரியாது. இதைச் சாப்பிடுகிறவளுக்குப் பிள்ளை வேண்டாம் என்றுதான் என் கணவர் வீட்டில் என்னை அம்மா வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அன்று எனக்காக யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போகவும் ஆளில்லை.

இரவாகிவிட்டது, சற்றுமுன் கீழ்வீட்டில் குழந்தை அழுதது. இப்போது சத்தமில்லை. பால் கொடுக்கிறாள் போல.