கொலுப்படியின் துரு

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மாடிப்படிக்கு அடியிலிருந்து கொலுப்படியின் இரும்புச் சட்டங்களை வெளியே இழுத்தேன். ஒன்பது படிக்குப் பன்னிரண்டு சட்டங்கள், பன்னிரண்டிலும் துரு. இந்த மராட்டிய ஊரில், வானவடியின் ஒரு மழைக்காலம் இவ்வளவு செய்யும் என்று, இருபத்தேழு ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் எண்ணிப் பார்க்கவில்லை. விரலால் தட்டினால் ஏடு ஏடாக உதிர்கிறது. எவரும் தூண்டாமல், ஈரமும் காற்றும் மட்டும் செய்து முடித்த வேலை. கோபப்பட வேண்டிய நேரத்தில் வியந்து நின்றுவிட்டேன்.

கம்பி பிரஷ் போதாது. சட்டம் முழுவதும் போல்ட் துளைகள். துளைக்குள் பிரஷ் நுழையாது. மனைவி சியாமளா தன் தம்பி முரளிக்குச் சொல்லியிருக்கிறாள். சாகண் என்ற ஊரில் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். ஆண்டுதோறும் எங்கள் வீட்டுக் கொலுப்படியைப் பூட்டுபவன் அவன்தான். காற்றழுத்தத்தில் தூள் பீய்ச்சித் துருவெடுக்கும் துப்பாக்கி ஒன்று வாங்கியிருக்கிறானாம். போனில் ஏதோ கேட்டான். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். “நைசா, உலர்ந்ததா எந்தத் தூளா இருந்தா என்ன, தேய்க்கிற வேலைதானே” என்று சொல்லி வைத்துவிட்டேன். அறுபத்திரண்டு தாள் முடிந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கேம்ப் கடைவீதியிலிருந்து திரும்பியபோது பின்முற்றத்தில் ஒரு வெண்மேகம் நின்றது. அதற்குள் முரளி, மூக்கில் கைக்குட்டை. எதிரே சட்டத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சியாமளா, வாயில் புடவைத் தலைப்பு. பதினான்கு ஆண்டுகளாக ஆஸ்துமாவுக்கு மருந்து இழுப்பவள்.

துப்பாக்கியில் இருந்தது ரங்கோலிப் பொடி. கணபதிக்கு வாசலில் போட வாங்கி வைத்திருந்த ஐந்து கிலோ பை. இங்கே விற்கும் ரங்கோலி மாவன்று, அரைத்த கல். சிலிக்கா. மணலைவிட நைசு, அதனால் மணலைவிட மோசம்.

மூன்று வாக்கியங்கள் பேசினேன். துப்பாக்கியை வை. வண்டியை எடு. இனி இந்த வீட்டுக்கு வராதே. குரல் உயரவில்லை.

“அத்திம்பேர்—” என்றான். பிறகு அக்காவைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். போய்விட்டான்.

இதையும் எழுதத்தான் வேண்டும்: சட்டத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் துரு இல்லை. சாம்பல் நிறம். பட்டுப்போன்ற, பளபளப்பில்லாத சாம்பல். அந்தக் கோபத்திலும் கண் அங்கே போயிற்று.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் அவளால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. மருத்துவமனை, நெபுலைசர் இரண்டு தடவை. சிலிக்கா கொண்டுவரும் நோய் ஆண்டுக்கணக்கில் தூசில் நிற்பவர்களுக்கு வருவது, ஒரு நாளில் வராது என்றார் டாக்டர். ஆனால் இவள் நுரையீரலுக்கு எந்தத் தூசும் ஆகாது. பத்து நாள் மாத்திரை.

முரளி நான்கு முறை அழைத்தான். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

கணேச சதுர்த்தி. தெரு முழுவதும் வாசலுக்கு வாசல் வண்ணம். எங்கள் வாசல் வெறும் தரை.

ஆகஸ்ட் 30, சனி

ஆகுர்டியில் துருவெடுக்கும் கருவிகள் மட்டுமே விற்கும் கடை ஒன்று. நடத்துபவர் ராஜஸ்ரீ என்ற அம்மாள். நான் துப்பாக்கியின் விலைப்பட்டியலைக் கேட்டேன். “கன்னை அப்புறம் பாருங்க சார். உங்க கம்ப்ரெசர் நிமிஷத்துக்கு எவ்வளவு காத்து தரும், அதைச் சொல்லுங்க முதல்ல” என்றார் இந்தியில். எனக்குத் தெரியவில்லை. சிறிய கம்ப்ரெசர் அரை நிமிடத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடுமாம். காற்றிலிருக்கும் நீரைப் பிரிக்கும் வடிகுடுவை இல்லாவிட்டால் இந்த மழைக்காலத்தில் தூள் களியாகி அடைத்துக்கொள்ளுமாம். அடைப்பை எடுப்பதற்கு முன் காற்றை இறக்க வேண்டும்; இறக்காமல் முனையை எட்டிப் பார்த்தவர் ஒருவரைத் தமக்குத் தெரியும் என்றார். தம் கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

மணல் நக்கோ, ரங்கோலி நக்கோ, இரண்டும் வேண்டவே வேண்டாம் என்றார். கார்னெட் என்ற தூளை உள்ளங்கையில் கொட்டினார். இளஞ்சிவப்பு, ஒவ்வொரு மணியும் ஒரு கல். இரும்பின் துருவை ஒரு ரத்தினத்தின் உறவுக்காரக் கல் வந்து எடுக்கிறது. முகமூடி பற்றிக் கேட்டதும் என் கைக்குட்டையைக் காட்டி, இது ஆகாது என்று தலையாட்டினார்: இரண்டு பக்கமும் வடிகட்டி உள்ள ரப்பர் மூடிதான், அதுவும் தாடி இருந்தால் ஒட்டாது.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

“அந்த ரங்கோலியை யார் போடச் சொன்னாங்க?”

யாரும் சொல்லவில்லை, அவனாகவே செய்தான் என்றேன்.

செப்டம்பர் 3, புதன்

முடியின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்கு உள்ள துகள், கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் அறையில் மிதக்கும். இதை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சொன்னபோது ஒருநாளும் அச்சம் வந்ததில்லை.

சியாமளா நன்றாகப் பேசுகிறாள். ஆகவே கேட்டாள்: “முரளி வரலேன்னா படியை யார் பூட்டறது?”

“நான்.”

“ஏன்னா, உங்களுக்கு ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியுமா?”

விடைத்தாள் கட்டைப் பிரித்தேன். “அம்மாவுக்கப்புறம் எனக்கு அவன் ஒருத்தன்தான்” என்றாள். கொலு வேண்டாம், கட்டிலுக்கடியில் பொம்மை தூங்கட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மொத்தம் எத்தனை சட்டம் என்று பார்க்க இந்த நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஆகஸ்ட் பதினேழு.

நைசா, உலர்ந்ததா எந்தத் தூளா இருந்தா என்ன.

என் கையெழுத்து. நல்ல தெளிவான கையெழுத்து. முரளி கேட்டது அதைத்தானே— என்ன தூள் போடுவது என்று? வேதியியல் படித்தவனிடம் கேட்டான். வேறு யாரிடம் கேட்பான்?

நான் அவனை அனுப்பினேன். வாசலைப் பார்த்துக் கை நீட்டி. எத்தனை நிதானமாக.

செப்டம்பர் 8, திங்கள்

அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். நான் சொன்னதை அன்றே ஏன் எடுத்துச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அக்கா மூச்சு வாங்கிண்டு நிக்கறா. அப்போ போய் யார் சொன்னதுன்னு பஞ்சாயத்து வைக்கறதா, அத்திம்பேர்?”

பதினைந்து நாள் சினம். அதை எங்கே வைப்பது என்று இப்போது தெரியவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

முரளி டெம்போவில் ஓர் இரும்பு பீரோவைக் கொண்டுவந்தான். பழைய சாமான் கடையில் வாங்கி, மல்லாக்கப் போட்டு, கதவில் கண்ணாடி பதித்து, கை நுழைக்க இரண்டு துளையிட்டு, நீண்ட ரப்பர் கையுறைகளை உள்நோக்கிப் பொருத்தி, தூசியை உறிஞ்ச ஒரு குழாய் வைத்திருக்கிறான். நான் அவனை விலக்கி வைத்திருந்த வாரங்களில் இதைத்தான் செய்துகொண்டிருந்தானாம்.

“எப்படியும் கூப்பிடுவேள்னு தெரியும். புடவைக்குப் பதிலா பீரோவைத் தூக்கிண்டு வந்த முதல் மச்சினன் நான்தான்” என்றான். சியாமளா சிரித்தாள். சிரித்தபின் இருமவில்லை, கவனித்தேன். இன்று முழுவதும் அவள் தீப்தி வீட்டில் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு; நான்கு தெரு தள்ளி இருக்கும் சிநேகிதி. ஜன்னல்களைச் சாத்தினோம். முகமூடி, காதடைப்பு, முழுக்கைச் சட்டை. மெல்லிய பலகைத் தகடுகள் இந்த வீச்சில் நெளியும் என்பதால் அவற்றைக் கம்பி பிரஷுக்கு விட்டோம். சட்டங்கள் மட்டும் பீரோவுக்குள்; துப்பாக்கியில் ராஜஸ்ரீ கடைக் கார்னெட்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். துரு உதிரவில்லை, கரைந்தது. விளக்கு வந்த அறையிலிருந்து இருள் போவதுபோலப் போயிற்று. துளைகளின் உள்விளிம்பில் கூட. பின்னால் எழுந்த இரும்பு, சில நொடிகளுக்கு முன்வரை உலகில் இல்லாத பரப்பு. கையுறைக்குள் கையை நகர்த்தி அடுத்த துளைக்குப் போனேன்.

மாலையில் பதினொரு சட்டங்களுக்கு பிரைமர் பூசினோம். பன்னிரண்டாவதற்கு முன் டப்பா காலி. கடைக்குப் போக முடியாத மழை. “வெறுங்கையால தொடாதேங்கோ” என்று சொல்லிவிட்டு முரளி அந்தச் சட்டத்தைச் சுற்ற நாளிதழ் எடுக்க உள்ளே சென்றான். அந்த ஒரு நிமிடம். எனக்குத் தெரியும், தெரிந்தே, ஒரே ஒரு விரலால்—

வெல்வெட்.

செப்டம்பர் 15, திங்கள்

முரளி லீவு போட்டுத் தங்கியிருந்தான். காலையில் தாளைப் பிரித்தான். சாம்பல் நிறத்தின் நடுவே, பழுப்பில், ரேகை ரேகையாக ஒரு கட்டைவிரல். விரலின் உப்பும் எண்ணெயும் ஓரிரவில் எழுதியது. அச்சடித்ததுபோல் அத்தனை துல்லியம்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. “ஈரம் ஏறிடுத்து. அவ்வளவுதான்” என்றான்.

“ஈரமில்லை முரளி. என் விரல்.”

தலையாட்டினான். முகமூடியைத் துடைத்து என்னிடம் நீட்டினான். சட்டத்தை மறுபடி பீரோவுக்குள் வைத்து அந்த ரேகையை நானே எடுத்தேன், ஆறு நொடி பிடித்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

அமாவாசை. படி நின்றுவிட்டது. முரளி போல்ட் கோத்தான். நான் ஸ்பானரைப் பிடித்தேன், ஒவ்வொரு முறையும் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு. மேற்படியில் மரப்பாச்சி ஏறியாயிற்று.

சியாமளா வாசலில் அரிசிமாவால் கோலம் போட்டாள். பெரிய கோலம், குனிந்தபடியே போட்டாள். நிமிர்ந்து, முரளியைச் சாப்பிட வரச்சொல்லி உள்நோக்கிக் குரல் கொடுத்தாள். ஒரே மூச்சில்.