பங்குனிக் கடலுக்கு ஒரு படகு

உடுவில்,
12.01.2025

அன்புள்ள மகன் சிவரூபனுக்கு,

இன்றைக்கு எனக்கு எண்பத்து மூன்று வயதும் நான்கு மாதமும் ஒன்பது நாளும். கிழவி தடுமாறி எழுதுகிறாள் என்று நீ பின்னர் சொல்லக்கூடாது என்பதற்காக அதை முதலில் எழுதிவைக்கிறேன்.

நெடுந்தீவில் மூன்று நாள் மீன்பிடிக்கும் உன் திட்டம் கிடைத்தது. பேர்கனில் வாசலிலேயே கடலை வைத்துக்கொண்டு, மூன்று நோர்வேக்காரரையும் கூட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் வருகிறாய். எங்கள் மீன்கள் பெருமைப்படட்டும். பட்டியலில் தொப்பி, வெயில் பூச்சு, குளிர்பெட்டி எல்லாம் இருக்கின்றன. எந்த மாதம் எந்தக் காற்று என்பது மட்டும் இல்லை. தையில் வராதே, வாடைக்காற்று ஓய்ந்திராது. வைகாசியில் சோழகக் காற்று எழுந்துவிடும். பங்குனி நடுப்பகுதியில் கடல் அசையாமல் கிடக்கும்; பாரை மீனும் சீலாவும் படும் என்கிறார்கள். தங்குமிடத்தை, அங்கே படிப்பிக்கும் என் பழைய மாணவி ஜெசிதா பார்த்துக்கொள்வாள்.

அடுத்தது படகு. எவருடையதானாலும் சரி, சவிரிமுத்து வீட்டுப் படகு மட்டும் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நான் அதைத்தான் பேசியிருக்கிறேன். ஊர்காவற்றுறையில் இப்போது அதை ஓட்டுபவர் அவருடைய மகன் எமில்ராஜ், உன் வயதுதான். வீட்டுக்கு அழைத்தேன். கதிரை போட்டும் அதில் இருக்கவில்லை. முற்றத்தில் நின்றபடியே, "அம்மா, உங்கடை மகன் எங்கடை படகிலை ஏறுவாரோ?" என்று கேட்டார். முதலில் ஒரு கடிதம் எழுதவேண்டும் என்றேன்.

உன் அப்பாவுக்குத் தூண்டில் பைத்தியம். எங்கள் குடும்பத்து வாத்தியார் ஒருவர் கடற்கரைச் சனங்களோடு வள்ளத்தில் இருப்பது எனக்கு வெட்கமாக இருந்தது. 1979 ஐப்பசி, கந்தசஷ்டி ஆறாம் நாள், ஊரே விரதமிருக்க, பள்ளிக்கூட அலுவலாகப் பட்டணம் போவதாகச் சொல்லிவிட்டு, சவிரிமுத்துவிடம் சிறு வள்ளமொன்றை இரவல் வாங்கித் தனியே கடலுக்குப் போனார். எனக்கு மட்டும் உண்மை தெரியும். மத்தியானத்துக்குப் பிறகு காற்று மாறியது. மூன்றாம் நாள் எழுவைதீவுக் கரையில் உடல் ஒதுங்கியது. வள்ளத்தைக் கொடுத்தவன் தேடிப் பார்க்கவில்லை என்று ஊர் பேசியது. செத்தவீட்டுக்கு வந்த சவிரிமுத்துவை, பதினொரு வயதில் நீ நெஞ்சில் கைவைத்துப் படலைக்கு வெளியே தள்ளினாய். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் தேடினார். அந்த ஆறாம் நாள் பின்னேரமே, இடுப்பில் நனைந்த சாரத்தோடு, ஊர்காவற்றுறையிலிருந்து சைக்கிள் மிதித்து எங்கள் படலைக்கு வந்தார். நீ சூரன்போர் பார்க்கக் கோயிலடியில் நின்றாய். முற்றத்தில் உன் மாமிமாரும் அயலவரும். அவருடைய குரல் அவர்களுக்கு எட்டுமுன் நான் ஓடிப்போனேன். "அம்மா, வாத்தியார் வேறை கரையிலை இறங்கி வீட்டை வந்திட்டாரோ? இல்லையெண்டால் இப்பவே நாலு வள்ளம் இறக்கவேணும்" என்றார். இல்லை என்று நான் சொன்னால், விரதநாளில் உன் அப்பா மீன்பிடிக்கப் போனது முற்றம் முழுவதற்கும் தெரிந்துவிடும். எங்கேயாவது ஒதுங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பேராதனையில் புவியியல் படித்தவள் நான். காற்று மாறியது எனக்குத் தெரியாததல்ல.

"ஓம், வந்திட்டார். நீ போ" என்றேன்.

"மாதாவே" என்று கும்பிட்டுவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். மறுநாள் மத்தியானம்தான், உன் அப்பா வரவில்லை என்று அவருக்கு ஆளனுப்பினேன். சவிரிமுத்து இறந்து ஒன்பது வருடம். அந்த மாலையைப் பற்றி மகனிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை என்பது எமில்ராஜ் என் முன்னால் நின்ற விதத்தில் தெரிந்தது.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அவரை வரச்சொல்லியிருக்கிறேன். இந்த முறை கதிரையில் இருத்தித்தான் சொல்லுவேன். அதன்பிறகு அவர் படகைத் தர மறுத்தால் அது நியாயம். தந்தால், உடுவிலுக்கு நீ வராவிட்டாலும் ஊர்காவற்றுறைக்குப் போ. படகில் ஏறும்போது அவருடைய கையைப் பிடித்து ஏறு.

நல்லாயிரு.

உன் அம்மா,
நாகேஸ்வரி