ஒன்பது தங்கம், எட்டு வரி

5.8, செவ்வாய்

ஆடிக் காற்று. செக்கிங் மேஜை மேல் வைத்த டேக் எல்லாம் பறக்கிறது. கத்தரிக்கோலை மேலே வைத்தேன். முட்டி வலி பரவாயில்லை.

புது ஆர்டர்: ஹங்கேரி ஆண்கள் வாட்டர் போலோ அணியின் ரசிகர்களுக்கு டி-சர்ட். முதுகில் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஆண்டுகள், ஒன்றன் கீழ் ஒன்றாக. சைஸுக்கு ஒரு மாதிரி வரும். நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மொத்தமாக அச்சடிப்பார்கள்.

வழக்கம்போல், ஆர்டர் விவரம் எழுதிய டேக்கில் உள்ளதையும் சட்டையில் உள்ளதையும் விரல் வைத்து ஒப்பிட்டேன்.

டேக்: 1932, 1936, 1952, 1956, 1964, 1976, 2000, 2004, 2008. ஒன்பது.
பெரியவர்கள் சைஸ்: ஒன்பது. சரி.
குழந்தைகள் சைஸ்: எட்டு. 1956 இல்லை.

மூன்று முறை எண்ணினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும்.

பிரிண்டிங் சண்முகத்திடம் கேட்டேன். சிரித்தார்.

"சின்ன சைஸுல ஒம்பது வரி வெச்சா கடைசி வரி மடிப்புக்குள்ள போயிருதுங்க. நடுவால ஒண்ண எடுத்துட்டனுங்க. மேலயும் கீழயும் சரியா உக்காந்திருக்குதில்லீங்க?"

"ஜெயிச்ச வருசமுங்க அது."

"எந்தக் கொழந்தைங்க முதுகத் திருப்பி எண்ணப் போவுது?"

கையெழுத்துப் போடவில்லை. நாளைக்கு என்று சொல்லி நழுவிவிட்டேன். கோழை.

6.8, புதன்

காற்று இன்னும் அதிகம். சாப்பாட்டு வேளையில் போனில் படித்தேன். நான் படித்தது பி.ஏ. வரலாறு, இதுவரை அது உதவியது செக்கிங் ரிப்போர்ட் எழுத மட்டும்.

வாட்டர் போலோ என்பது குளத்தில் நீந்தியபடி ஆடும் பந்தாட்டம், அணிக்கு ஏழு பேர். ஆட்டம் முழுக்கத் தரையில் கால் ஊன்றக் கூடாது, கோல்கீப்பருக்கு மட்டும் விலக்கு. (எனக்கு நீச்சலே தெரியாது.)

1928 வெள்ளி. 32, 36 தங்கம். 48 மறுபடி வெள்ளி. 52 தங்கம்.

1956, மெல்பர்ன். ஹங்கேரிக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்து சில வாரங்கள்தான். குளத்தில் எதிரே அதே சோவியத் அணி. 4–0. கண்ணருகே அடிபட்டு ஒருவர் ரத்தத்தோடு வெளியே வந்திருக்கிறார். பிறகு யூகோஸ்லாவியாவை 2–1. தங்கம்.

அந்த ஆண்டைத்தான் மடிப்புக்காக எடுத்திருக்கிறோம்.

2000, 2004, 2008 அடுத்தடுத்து மூன்று. டோக்கியோவில் வெண்கலம்.

இதுவும் கண்ணில் பட்டது: 1951 டெல்லி, முதல் ஆசிய விளையாட்டு, வாட்டர் போலோ தங்கம் இந்தியாவுக்கு. வரலாறு படித்த எனக்கே தெரியாது. எங்கோ யாரோ இடம் போதவில்லை என்று ஒரு வரியை எடுத்திருப்பார்கள்.

மாலை கவிதா வந்தாள். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பையரோடு பேசும் மெர்ச்சண்டைசர்.

"சார், அடுத்த வியாழன் கண்டெய்னர் கெளம்புதுங்க. அச்சடிக்கப் புது ஸ்கிரீன் செய்யணும்னா ஒரு நாள் போயிரும். கண்ண மூடிட்டுப் போடுங்க சார், ப்ளீஸ்."

"கண்ணத் தொறந்து வெச்சிருக்கத்தான கண்ணு எனக்குச் சம்பளம்?"

சொல்லிவிட்டேன். பிறகு பயம். டீ குடிக்கப் போகவில்லை.

7.8, வியாழன்

காற்று நின்றுவிட்டது. புழுக்கம். முதலாளி கூப்பிட்டார். என் மகன் வயது. உட்காரச் சொல்லவில்லை. கவிதாவும் இருந்தாள்.

"ஏனுங்கய்யா, உங்களுக்கு ஹங்கேரி மேல என்னங்க இத்தன பாசம்? பொண்ணு கிண்ணு குடுத்திருக்கீங்களா?"

கவிதா சிரிப்பை அடக்கினாள்.

"பையரே ஒண்ணும் சொல்லலீங்க" என்றார் முதலாளி.

"பையருக்கு இன்னும் தெரியாதுங்க."

"லேட்டானா யாருங்க பதில் சொல்றது?"

"நானுங்க."

என் குரல் போலவே இல்லை. மாதிரிச் சட்டையில் ரிஜெக்ட் சீட்டைக் குத்தினேன்: குழந்தைகள் சைஸ், 1956 விடுபட்டது, அச்சடிக்கக் கூடாது. கீழே முழுப்பெயர். முப்பது வருடமாக இனிஷியல் மட்டும் போட்டவன்.

"வயசான காலத்துல எதுக்குங்க இந்த வீம்பு?" என்றார் முதலாளி.

நியாயமான கேள்விதான். பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அவர்கள் ஜெயித்தது ஒன்பது. எட்டுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேறு காரணம் தோன்றவில்லை. இது போதும்.

8.8, வெள்ளி

லேசான தூறல். சண்முகம் புது ஸ்கிரீனில் அடித்த மாதிரியோடு வந்தார். எழுத்தைச் சற்றுச் சிறிதாக்கியதில் ஒன்பதும் அடங்கிவிட்டது.

"பாத்துக்குங்க சாமி, உங்க அம்பத்தாறு!"

எண்ணினேன். போட்டேன். முழுப்பெயர்.

மதியம் முதலாளி சொல்லி அனுப்பினார். திங்கள் முதல் நான் செக்கிங்கில் இல்லை. பேக்கிங், அட்டைப்பெட்டி ஒட்டும் பக்கம். கவிதா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "கொஞ்ச நாளைக்குத்தானுங்க சார்."

பெட்டியிலும் எழுத்து இருக்கிறது. படிப்பேன்.