கடன் கொடுத்தவரின் அத்தியாயம்

மார்ச் 4, செவ்வாய்

ஐந்து நாட்டு அறிக்கைக்கு நம் மத்திய வங்கி அனுப்பும் அத்தியாயத்தில் முப்பத்தொன்றாம் பக்கம் திரும்பி வரவில்லை. மற்றவை எல்லாம் இயக்குநரின் அறையிலிருந்து ஒழுங்காக வந்துவிட்டன. நம் அந்நியச் செலாவணிக் கையிருப்பு எத்தனை நாள் இறக்குமதிக்குத் தாங்கும் என்று நான் எழுதிய பக்கம் மட்டும் காணோம்.

இயக்குநரிடமே கேட்டேன். "மானம் போற விஷயம் சார். நாலு மாசம்னு ஒரு வரி போட்டாப் போதும்" என்றார்.

நான்கு மாதம் என்பது பொய் அன்று, பொய்யைவிடக் கேடானது. அதில் ஏறத்தாழப் பாதி, அண்டை நாட்டு மத்திய வங்கி ஓராண்டுக்கு நம்மிடம் போட்டு வைத்திருக்கும் வைப்புத்தொகை. ஜூனில் திருப்ப வேண்டும். அதைக் கழித்தால் மிஞ்சுவது இரண்டு மாதமும் ஆறு நாளும்.

ஐந்து நாடுகள் சேர்ந்து பொது நிதியம் வைத்திருப்பதே இதற்காகத்தான். ஆனால் கடன் போக நிற்கும் கையிருப்பு இரண்டு மாதத்துக்குக் கீழே இறங்குமுன் கேட்டாக வேண்டும். இறங்கிவிட்டால் கதவு சாத்தியதுதான். இப்போதைய வேகத்தில் ஏப்ரல் நடுவில் இறங்கிவிடுவோம். கேட்பது கௌரவக் குறைவாம். ஆறு நாள் கௌரவம்!

மார்ச் 6

மனைவி அரசு மருத்துவமனையில் மருந்தகப் பொறுப்பாளர். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "நம்ம பேங்க் உத்தரவாதத்தை வெளிநாட்டுக் கம்பெனி இப்ப ஏத்துக்கறதில்லைங்க. முழுப்பணமும் முன்னாடியே கட்டணுமாம். இன்சுலின் ஆளுக்கு ஒரு மாசத்துக்குக் குடுத்தது போய் இப்பப் பத்து நாளைக்குத்தான் குடுக்கறேன்."

வங்கி ஆளுநரின் மேசைக்கு வராத செய்தி அவள் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வந்துவிட்டது.

மார்ச் 7

பென்சிலுடன் பேசினேன். அண்டை நாட்டு மத்திய வங்கியில் என் வேலையையே பார்க்கும் பெண்மணி. பதினாறு ஆண்டுகளாக வரைவுகளைப் பரிமாறிக்கொள்கிறோம். ஒருமுறைகூடப் பேனாவால் திருத்தியதில்லை என்பதால் நான் வைத்த பெயர். வைப்புத்தொகை அவர்களுடையது, உண்மை அவருக்கும் தெரியும்.

"உங்க பக்கத்தையும் தூக்கிட்டாங்களா அண்ணா? எங்களதைப் போன வருஷமே தூக்கிட்டாங்க. ஐந்து நாட்டு அறிக்கையாம். ஐந்து பேரும் சிரிச்சுக்கிட்டு நிக்கற போட்டோ மாதிரி இருக்கு."

மார்ச் 10

நிதியத்தின் நடைமுறையை இன்று சொல் சொல்லாக மறுபடி படித்தேன். அரையாண்டு அறிக்கையில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் அத்தியாயம். தன் அத்தியாயத்தில் எதை வேண்டுமானாலும் அடிக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பிறருடைய அத்தியாயத்தில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொட முடியாது.

எனில், என் எண் என் அத்தியாயத்தில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

பென்சில் தன் அத்தியாயத்தில் எழுதட்டும்: 'அண்டை நாட்டுக்கு வைப்பாக இவ்வளவு கொடுத்திருக்கிறோம், அதன் கையிருப்பில் கிட்டத்தட்டப் பாதி அது, ஜூனில் திரும்பும்.' கழித்தல் தெரிந்தவனுக்கு இது போதும். அவருடைய மேலிடம் அதை அடிக்குமா? மாட்டார்கள். நாடுகள் அடிப்பதெல்லாம் வெட்கத்தை. கொடுத்த பெருமையை எவன் அடிப்பான்?

இது ஏமாற்றா? ஒவ்வொரு சொல்லும் உண்மை. உண்மையை மறைத்தவர்களிடம் நான் எதற்குக் கூச வேண்டும் — முப்பது வருஷம் கூசினது போதும்.

மார்ச் 11

பென்சில் சரி என்றுவிட்டார்.

மார்ச் 18

"எங்க தலைவர் அடிக்கலண்ணா. முதல் பத்திக்கே ஏத்தச் சொல்லிட்டாரு" என்றார் பென்சில். நான் சிரிக்கவில்லை. அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

மார்ச் 20

இறுதி வரைவு ஐந்து தலைநகரங்களுக்கும் போய்விட்டது. அண்டை நாட்டு அத்தியாயத்தின் முதல் பத்தியைப் படித்துவிட்டு இயக்குநர் அழைத்தார். உட்காரச் சொல்லவில்லை.

"இது உங்க வேலையா?"

"ஆமாம்."

நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்திருக்கிறார்.  நான் நாட்டைக் காட்டிக்கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நாடா? எது நாடு? பத்து நாள் மருந்தை வாங்கிக்கிட்டுப் போறாங்களே, அவங்க யாரு? கேட்க நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 27

நிதியத்தின் கூட்டம். மூன்றாம் நாட்டுப் பிரதிநிதி, மெலிந்த மனிதர், அறிக்கையின் ஓரத்திலேயே கழித்துப் பார்த்தார். பிறகு நம் நிதிச் செயலாளரிடம் மிகத் தணிந்த குரலில், "இன்னும் நேரம் இருக்கே, இன்னைக்கே கேட்டுடுங்களேன்" என்றார். யாரும் இழிவாகப் பார்க்கவில்லை. மற்ற நால்வருக்கும் தாங்கள் அடித்த பக்கங்கள் நினைவுக்கு வந்திருக்கும்.

பிற்பகல் மூன்றரைக்குச் செயலாளர் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார்.

ஏப்ரல் 16

நிதியம் பணம் அனுப்பிவிட்டது. மருந்துக் கம்பெனி உத்தரவாதத்தை மறுபடி ஏற்கிறது. மனைவி பழையபடி ஒரு மாதத்துக்குக் கொடுக்கிறாள்.

எனக்கும் ஒரு காகிதம் வந்தது. வங்கியின் நாணயக் காட்சிக்கூடத்துக்கு மாற்றம், உடனடியாக. "பரவாயில்லைங்க. அங்க இருக்கற காசை யாரும் ஜூன்ல திருப்பிக் கேக்க மாட்டாங்க" என்றாள் மனைவி.

செப்டம்பர் 2

பென்சில் காட்சிக்கூடத்துக்கே தொலைபேசினார். ஏற்றுமதியாகும் செம்பின் விலை சரிந்து அவர்களுடைய கையிருப்பு கரைகிறது. அவருடைய பக்கத்தை மறுபடி தூக்கிவிட்டார்கள். நம் ஏற்றுமதியாளர்களுக்கு அவர்கள் தரவேண்டிய பாக்கி மூன்று மாதமாகத் தேங்கி நிற்கிறது. நாம் பெருந்தன்மையோடு பொறுத்திருப்பதாக நம் அத்தியாயத்தில் ஒரு வரி வந்தால் போதும்.

என் இருக்கையில் இப்போது இருப்பவர் புள்ளிவிவரப் பிரிவில் இருபது வருடம் வாய் திறக்காமல் இருந்தவர். அதற்காகவே இயக்குநர் தேர்ந்தெடுத்த பெண்மணி. மதியம் படியேறிப் போனேன். அவருடைய மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்தேன்.

அவர் கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் பாக்கியைப் பத்தின வரிய நேத்தே எழுதிட்டேன் சார். இயக்குநர் முதல் பத்திக்கு ஏத்தச் சொல்லியிருக்காரு."