அழுவாள் என்று முன்கூட்டியே சொன்ன மாப்பிள்ளை

அன்பு மகள் திவ்யாவுக்கு, உத்திரமேரூரிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மாப்பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், நீயும் நல்லாத்தான் இருக்கேன்பா என்பதோடு நிறுத்திக்கொள்கிறாய். உன்னோடு படித்த கீர்த்தி லீவு முடிந்து அங்கே மஸ்கட்டுக்கே திரும்புகிறாள், பலகாரம் கொடுக்கிற சாக்கில் வந்து இதை உன் கையில் மட்டும் கொடுப்பாள். தனியாக இருக்கும்போது படி.

நவரை நெல் அறுப்பு முடிந்தது, பசு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. அம்மாவுக்கு முட்டி வலி, ஆனால் மாப்பிள்ளை போனில் அதை விசாரித்ததிலிருந்து பாதி வலி போய்விட்டதாம், ஊரெல்லாம் அவர் பெருமைதான். திருவிழா வருவதால் கோயில் பந்தலில் மத்தியானத்தில் கூத்து ஒத்திகை நடக்கிறது. வழக்கம்போல எனக்கு மாமன் வேஷம், வேதாசலத்துக்கு அண்ணனிடம் நாட்டை இழந்த தம்பி வேஷம். தம்பி சபைக்கு வந்து, அண்ணனோடு ஒரே தட்டில் சாப்பிட்டதைச் சொல்லி, நடந்த அநியாயத்தை ஒன்றுவிடாமல் சொல்லி அழுவான். அவனிடம் இருப்பது உண்மை ஒன்றுதான், வேறு சாமர்த்தியம் கிடையாது. மாமன் அவன் வருவதற்கு முன்னாலேயே சபையில் பேசிவிடுவான். ஒரு வார்த்தை திட்டமாட்டான். நல்ல பிள்ளை, பாவம், மனசுதான் சரியில்லை என்று உச்சுக்கொட்டி, இப்போது வருவான், அழுவான், காலில் விழுவான், நீங்கள்தான் பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பான். அப்புறம் அந்தப் பிள்ளை எவ்வளவு அழுகிறானோ அவ்வளவுக்கு மாமன் சொன்னது நிஜமாகிவிடும். போன வாரம் வேதாசலம் உருகி உருகி அழுதான், வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவன் என்னிடம் வந்து, "நான் நெசமாத்தான் அழுவுறேன், ஜனங்க சிரிச்சிக்கினு கீது. நீ முன்னாடியே சொல்லி வெச்சுட்ட, இனிமே நான் இன்னா பண்ணாலும் எடுபடாது" என்று நொந்துகொண்டான்.

எனக்குச் சுருக்கென்றது. அதற்கு முந்தின நாள்தான் மாப்பிள்ளை எனக்குத் தனியாகப் போன் பண்ணியிருந்தார். அறுப்பைப் பற்றி விசாரித்தார், கன்றைப் பற்றிக் கேட்டார், அப்புறம் மெதுவாக, "திவ்யா நல்ல பொண்ணுதான் மாமா, ஊர் ஏக்கத்துல இல்லாததெல்லாம் நெனச்சிக்கினு கீறா. உங்களுக்குப் போன் பண்ணி அழுவா, என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்லுவா. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். தங்கமான மாப்பிள்ளை என்று அப்போது நானும் நினைத்தேன். இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நீ இதுவரை எங்களிடம் அழவே இல்லையே அம்மா. நீ சொல்லாத ஒன்றுக்கு அவர் எதற்கு முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டும்? அம்மாவிடம் சொன்னேன். கூத்தாடிக் கூத்தாடி வீட்டு மனுஷர்களையும் வேஷக்காரர்களாகப் பார்க்கிறேன் என்று சண்டைக்கு வந்தாள். அவளிடமும் அவர் இதையே சொல்லி வைத்திருக்கிறாராம், அதைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் இன்னும் முற்றிப்போயிற்று.

என் புத்திதான் கோணல் என்றால் கீர்த்தியிடம் சிரித்துவிட்டு அனுப்பு, நான் மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அதைவிடச் சந்தோஷம் எனக்கு வேறு இல்லை. அப்படி இல்லையென்றால் பாஸ்போர்ட் உன்னிடம் இருக்கிறதா அவரிடம் இருக்கிறதா என்பதை மறக்காமல் அவளிடம் சொல். மேற்கொண்டு செய்ய வேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஊர் என்ன சொல்லும், அம்மா என்ன சொல்வாள் என்று நீ கவலைப்படாதே, வேளைக்குச் சாப்பிடு. குலதெய்வம் உன் கூடவே இருக்கட்டும். அவர் யாரிடம் என்ன சொல்லி வைத்திருந்தாலும் சரி, நீ வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே நான் உன்னை நம்பிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
பச்சமுத்து